தெய்வச் சித்திரங்களின் பொருள் உரைத்த ஆனந்த குமாரசுவாமி

கேரளத்தின் கொச்சி நகரில் மட்டாஞ்சேரி என்னும் பழம்பெரும் பகுதி உள்ளது. மிளகும் சுக்கும் ஏலமும் மணக்கும் அதன் வணிகத் தெருக்களுக்கு அருகில் ஓர் அரண்மனை அமைந்திருக்கிறது. போர்த்துக்கீசியர் அதனை 1555-ஆம் ஆண்டளவில் கட்டிக் கொச்சி மன்னர் வீர கேரள வர்மருக்கு அளித்தனர். 1663-இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் அதனைப் புதுப்பித்தனர். ஆகவே இன்றும் மக்கள் அதனை டச்சு அரண்மனை என்றே அழைக்கின்றனர். கட்டியவர் ஒருவர், புதுப்பித்தவர் வேறொருவர் எனினும் அதன் உள்ளமைப்பு கேரளத்து நாலுகெட்டு முறையைச் சார்ந்தது. நடுமுற்றத்தில் கொச்சி அரச குலத்தின் தெய்வமான பழையன்னூர் பகவதி எழுந்தருளியிருக்கிறாள்.

அந்த அரண்மனையின் உண்மையான செல்வம் அதன் சுவர்களில் உள்ளது. மன்னரின் பள்ளியறையில், தசரதர் மகப்பேறு வேண்டி வேள்வி செய்தது முதல் இராமபிரான் அயோத்தி மீண்டது வரை இராமாயணம் முழுவதும் சித்திரங்களாக விரிகின்றது. மற்ற அறைகளில் தாமரையில் வீற்றிருக்கும் திருமகள், அறிதுயில் கொள்ளும் திருமால், உமையொடு அமர்ந்த சிவபெருமான், கோவர்த்தன கிரியை ஏந்திய கண்ணன் ஆகியோர் காட்சி தருகின்றனர். இராமபிரானின் திருமேனி பச்சை நிறம். கண்கள் இயல்பினும் நீண்டவை. கைகள் சிலருக்கு நான்கு, சிலருக்கு அதனினும் மிகுதி.

இச்சித்திரங்களின் முன் நிற்கும் அயல்நாட்டுப் பயணிகள் மட்டுமல்லர், நம் பிள்ளைகளும் ஒரு கேள்வியைக் கேட்கின்றனர். மனிதருக்கு இரண்டு கைகள்தாமே உண்டு, தெய்வத்திற்கு ஏன் இத்தனை கைகள்? மேனி ஏன் பச்சையாக இருக்கிறது? பார்த்ததைப் பார்த்தபடி வரைய அக்காலத்து ஓவியர்களுக்குத் தெரியாதா? நூறாண்டுகளுக்கு முன்னர் இதே கேள்வியை இகழ்ச்சியுடன் கேட்டவர்கள் பலர். அவர்களுக்கு அறிவின் துணைகொண்டு விடை கூறியவர்களுள் தலையாயவர் ஒரு தமிழர். அவரே ஆனந்த கெந்திஷ் குமாரசுவாமி.

பிறப்பும் கல்வியும்

ஆனந்த குமாரசுவாமி 1877 ஆகஸ்ட் 22 அன்று கொழும்பில் பிறந்தார். தந்தை சர் முத்து குமாரசுவாமி யாழ்ப்பாணத் தமிழ் மரபினர். இலங்கைச் சட்டசபையின் உறுப்பினர். இங்கிலாந்தில் வழக்கறிஞர் தகுதி பெற்றவர். அரிச்சந்திரன் நாடகத்தையும் பாலி மொழியிலுள்ள சுத்த நிபாதத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த அறிஞர். சைவரான அவர் பௌத்த நூலையும் அன்புடன் கற்றார் என்பது இங்கு நினைக்கத்தக்கது. பொன்னம்பலம் இராமநாதனும் பொன்னம்பலம் அருணாசலமும் அவருடைய சகோதரியின் மைந்தர்கள். தாய் எலிசபெத் கிளே பீபி இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்தவர். கெந்திஷ் என்னும் நடுப்பெயர் அந்த ஊரை நினைவூட்டுவது.

குழந்தைக்கு இரண்டு வயது நிறைவதற்கு முன்பே, 1879-இல், தந்தை காலமானார். தாயும் மகனும் இங்கிலாந்திலேயே தங்கினர். எனவே ஆனந்தர் வளர்ந்தது ஆங்கிலேயச் சூழலில். வைக்லிஃப் கல்லூரியில் பள்ளிப்படிப்பை முடித்து, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் கற்று 1900-இல் முதல் வகுப்பில் தேறினார். அவர் கலையையோ சமயத்தையோ பாடமாகப் பயின்றவர் அல்லர். கல்லையும் மண்ணையும் ஆராயும் அறிவியலே அவரது முதற்கல்வி. ஒரு பொருளை உற்றுநோக்குதல், வகைப்படுத்துதல், சான்றின்றி எதையும் கூறாதிருத்தல் ஆகிய பழக்கங்களை அக்கல்வி அவருக்கு அளித்தது. பின்னாளில் இவையே தெய்வச் சித்திரங்களின் ஆய்வுக்குத் துணை நின்றன.

கல்லைத் தேடியவர் கலையைக் கண்டார்

1903-இல் அவர் இலங்கைக் கனிம ஆய்வுத்துறையின் இயக்குநரானார். தோரியனைட் என்னும் அரிய கனிமம் உலகிற்கு அறிமுகமானதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. அந்த ஆய்வுப் பணிகளுக்காக 1906-இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியல் முனைவர் பட்டம் வழங்கியது.

ஆனால் கனிமங்களைத் தேடி ஊர் ஊராகச் சென்றவரின் கண்களில் வேறொன்று பட்டது. கண்டி நாட்டுச் சிற்றூர்களில் தச்சர், கன்னார், ஓவியர், நெசவாளர் ஆகியோரின் கைத்தொழில்கள் அழிந்துகொண்டிருந்தன. பழைய கோயில் ஓவியங்கள் கவனிப்பாரின்றிச் சிதைந்தன. அல்லது அவற்றின்மேல் மலிவான புதிய வண்ணங்கள் பூசப்பட்டன. மேல்நாட்டுப் பாணியே நாகரிகம் என்று கருதிய படித்தவர்கள் இதனைப் பொருட்படுத்தவில்லை. இது அவர் உள்ளத்தைப் பெரிதும் வருத்தியது. 1905-இல் கண்டித் தலைவர்களுக்கு ஒரு வெளிப்படையான மடல் எழுதி, முன்னோரின் கலைச்செல்வங்களைக் காக்குமாறு வேண்டினார். அதே ஆண்டில் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம் தோன்றுவதற்குக் காரணமாக இருந்தார். சிங்களரின் இடைக்காலக் கலை பற்றிய அவரது பெருநூல் 1908-இல் வெளிவந்தது.

தாம் பாதி ஆங்கிலேயர், ஆங்கிலேயக் கல்வி பெற்றவர், ஆங்கில அரசின் ஊழியர். எனினும் தம் தந்தையின் நாட்டவர் தம்மையே மறந்து வருவதை அவரால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை. பதவியை விட்டு விலகினார். அதன்பின் அவரது வாழ்நாள் முழுவதும் கலைக்கும் தத்துவத்திற்கும் உரியதாயிற்று.

இகழ்ச்சியும் மறுமொழியும்

அந்நாளில் மேல்நாட்டு அறிஞர்கள் பலர், இந்தியாவில் கைவினைகள் உண்டு, ஆனால் உயர்கலை இல்லை என்று கருதினர். கிரேக்கச் சிலைகளே அழகின் அளவுகோல் என்பது அவர்கள் கொள்கை. 1910 ஜனவரியில் இலண்டனில் அரச கலைக் கழகத்தில் ஈ.பி. ஹாவெல் இந்தியக் கலை குறித்து உரையாற்றினார். கூட்டத்திற்குத் தலைமை தாங்கியவர் சர் ஜார்ஜ் பேர்ட்வுட். அவர் தியானத்தில் அமர்ந்த ஒரு புத்தர் திருவுருவைச் சுட்டிக்காட்டி, கொழுப்பிட்டு அவித்த மாவுப் பண்டமும் இதே அமைதியைக் காட்டும் என்னும் பொருள்படப் பேசினார். இச்சொல் பலர் நெஞ்சைச் சுட்டது. பிப்ரவரி மாத இறுதியில் பதின்மூன்று கலைஞர்களும் அறிஞர்களும் கையொப்பமிட்ட மறுப்பு இலண்டன் டைம்ஸ் நாளிதழில் வெளியாயிற்று. அவ்வாண்டிலேயே இந்தியக் கலைக்கான இந்தியா சொசைட்டி தொடங்கப்பெற்றது. அதனை நிறுவியவர்களுள் குமாரசுவாமியும் ஒருவர்.

வெறும் கோபத்தால் இகழ்ச்சி நீங்கிவிடாது என்பதை அவர் அறிந்திருந்தார். பல கைகளையுடைய இந்தியத் திருவுருவங்களைப் பற்றி 1913-இல் ஒரு கட்டுரை எழுதினார். அதன் கருத்தைச் சுருக்கமாக இங்கு காண்போம். ஓர் உருவத்திற்கு எத்தனை கைகள் என்று எண்ணிப் பார்ப்பது கலை ஆராய்ச்சி ஆகாது. உடற்கூற்று நூலுக்கு ஒத்திருக்கிறதா என்பதும் கேள்வி அன்று. கலைஞன் உணர்த்தக் கருதியதை அவ்வடிவம் உணர்த்துகிறதா, அதன் உறுப்புகள் ஒன்றோடொன்று இசைந்து ஒரே உயிராக இயங்குகின்றனவா என்பதே கேள்வி. கூத்தப்பெருமானின் ஒரு கை உடுக்கையால் படைப்பைக் காட்டுகிறது. மற்றொன்று தீயால் ஒடுக்கத்தைக் காட்டுகிறது. ஒன்று அஞ்சேல் என அபயம் அளிக்கிறது. இன்னொன்று தூக்கிய திருவடியைச் சுட்டி அருளைக் காட்டுகிறது. இவற்றுள் எந்தக் கையை நீக்கினாலும் பொருள் குறைபடும். ஆகவே நான்கு கைகள் மிகையல்ல, தேவையே.

சிவபெருமானின் ஆனந்தத் தாண்டவத்தைப் பற்றிய அவரது புகழ்பெற்ற கட்டுரை 1912-இல் சென்னையிலிருந்து வெளிவந்த சித்தாந்த தீபிகை என்னும் சைவ இதழில் இடம்பெற்றது. திருமந்திரம், உண்மை விளக்கம் முதலிய தமிழ் நூல்களின் துணைகொண்டே அவர் அதனை எழுதினார். இன்று உலகெங்கும் அறிவியலாரும் கலைஞர்களும் நடராஜர் திருவுருவைப் போற்றுகின்றனர். அப்போற்றுதலுக்கு வழிவகுத்தவற்றுள் இக்கட்டுரை முதன்மையானது.

நிவேதிதையின் பணியை நிறைவேற்றியவர்

1909-இல் அவர் கல்கத்தா சென்று தாகூர் குடும்பத்தினரின் இல்லத்தில் தங்கினார். அவனீந்திரநாத் தாகூரும் அவர்தம் மாணவர்களும் இந்திய ஓவியத்திற்குப் புத்துயிர் அளிக்க முயன்றுகொண்டிருந்த காலம் அது. அவர்களுக்கு ஊக்கமளித்தவர்களுள் சகோதரி நிவேதிதையும் ஒருவர். இந்து, பௌத்தப் புராணக் கதைகளை ஆங்கில வாசகர்களுக்காக எழுதும் பணியை நிவேதிதை மேற்கொண்டிருந்தார். அது முற்றுப்பெறும் முன்பே, 1911 அக்டோபரில், டார்ஜிலிங்கில் அவர் மறைந்தார். அப்பணியை ஏற்று நிறைவு செய்தவர் குமாரசுவாமி. அவனீந்திரநாத்தின் மேற்பார்வையில் வரையப்பட்ட சித்திரங்களுடன் 1913-இல் அந்நூல் வெளிவந்தது.

அக்காலத்தில் இல்லந்தோறும் பரவியிருந்தவை ராஜா ரவிவர்மாவின் அச்சுப்படங்கள். கோயிலுக்குள் நுழைய அனுமதிக்கப்படாத எளியோரும் தம் குடிசையில் இலக்குமியையும் சரஸ்வதியையும் வைத்து வணங்க அவை வாய்ப்பளித்தன. அந்த நன்மையை நாம் மறுக்க இயலாது. எனினும் குமாரசுவாமி அவ்வோவியங்களை ஏற்கவில்லை. மேல்நாட்டு நாடக மேடையில் வேடமிட்டு நிற்கும் மாந்தரைப் போல் தெய்வங்கள் அவற்றில் தோன்றுவதாக அவர் கருதினார். அழகிய மானிட உருவை வரைந்து அதற்குத் தெய்வப் பெயர் இடுவது ஒன்று. தெய்வத்தை உள்ளத்தில் கண்டு அதனை வரைவது வேறொன்று என்பது அவரது முடிவு.

இராஜபுதனத்திலும் பஞ்சாப் மலைநாட்டிலும் அலைந்து அவர் சிற்றோவியங்களைத் திரட்டினார். அதுவரை அவை யாவும் முகலாய ஓவியங்கள் என்றே கருதப்பட்டு வந்தன. முகலாய ஓவியம் அரசவையைச் சார்ந்தது, இவையோ பக்தியில் தோய்ந்த மக்கள் மரபைச் சார்ந்தவை என்று அவர் பிரித்துக் காட்டினார். இவற்றுள்ளும் இராஜஸ்தானி, பஹாரி என இரு பிரிவுகளை வகுத்தார். இவ்வோவியங்களில் கண்ணன் விண்ணுலகில் இல்லை. மாடு மேய்க்கும் சிற்றூரில், மழைக்கால மாலையில், நம் அண்டை வீட்டாரிடையே இருக்கிறான். 1916-இல் இரு தொகுதிகளாக வந்த இராஜபுத்திர ஓவியம் பற்றிய நூல் இத்துறையின் அடிப்படை நூலாயிற்று.

நாடு ஏற்காத கொடை

தாம் திரட்டிய ஓவியங்களை இந்தியாவிலேயே வைத்து ஒரு தேசியக் கலைக்கூடம் அமைக்க வேண்டுமென்று அவர் விரும்பினார். அதற்கு வேண்டிய பொருளுதவி கிட்டவில்லை. அரசும் செல்வந்தரும் முன்வரவில்லை. இதற்கிடையே முதல் உலகப்போர் மூண்டது. இந்தியா அடிமைப்பட்டிருக்கையில் ஆங்கிலேயரின் படையில் பணியாற்ற இயலாது என்று அவர் மறுத்தார். இங்கிலாந்தில் இருப்பதும் அரிதாயிற்று. அந்நிலையில் அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அவரை அழைத்தது. டென்மன் ராஸ் என்னும் புரவலர் அவரது தொகுப்பை வாங்கி அருங்காட்சியகத்திற்கு அளித்தார். 1917-இல் குமாரசுவாமி அங்கு இந்தியக் கலைப்பிரிவின் காப்பாளர் ஆனார். இறுதிவரை முப்பது ஆண்டுகள் அங்கேயே பணிபுரிந்தார்.

அயலார் இகழ்ந்தபோது காத்து நின்றவரின் செல்வத்தை நம்மவர் ஏற்கவில்லை, அயலார் ஏற்றனர். அருங்காட்சியகத்தில் ஊழியம் செய்த அவர், திருவுருவங்கள் அருங்காட்சியகத்திற்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பதை இடைவிடாது வலியுறுத்தினார். வழிபாட்டிற்காகவும் தியானத்திற்காகவும் தோன்றிய பொருளை அதன் பயனிலிருந்து பிரித்து, அழகுக்காக மட்டும் பார்ப்பது அரைகுறைப் பார்வை என்றார். இம்முரண்பாட்டை அவர் மறைக்கவில்லை, அதனுள்ளேயே வாழ்ந்தார். அவரது இல்வாழ்வும் அமைதியாகச் செல்லவில்லை. மூன்று திருமணங்கள் பிரிவில் முடிந்தன. 1932-இல் மணந்த லூயிசா அம்மையார் அவரது இறுதிக்காலம் வரை துணைநின்றார்.

தியானமே தூரிகை

வயது முதிர முதிர அவரது ஆராய்ச்சி வரலாற்றிலிருந்து தத்துவத்திற்குத் திரும்பியது. வேதங்களையும் உபநிஷதங்களையும் சங்கரரின் பாஷ்யங்களையும் மூலமொழியில் கற்றார். பிளேட்டோ, தாமஸ் அக்வினாஸ், எக்கார்ட் ஆகியோரின் நூல்களோடு அவற்றை ஒப்பிட்டார். ஸ்ரீராமகிருஷ்ணரின் நூற்றாண்டு விழா ஆண்டான 1936-இல் அவருடைய சமய சமரசம் குறித்தும் ஒரு கட்டுரை எழுதினார். 1934-இல் வெளிவந்த நூலொன்றில், இயற்கை கலையாக மாறும் விதத்தை விளக்கினார். இந்தியக் கலைஞன் எவ்வாறு வரைகிறான் என்பதற்கு அந்நூல் தரும் விளக்கம் ஆழமானது.

நம் நாட்டு ஓவியன் கண்ணால் கண்டதைப் படியெடுப்பதில்லை. முதலில் உடலையும் உள்ளத்தையும் தூய்மை செய்துகொள்கிறான். தியான சுலோகத்தில் கூறியபடி தெய்வ வடிவத்தை உள்ளத்தில் எழுப்புகிறான். அவ்வடிவத்தோடு தான் ஒன்றி, அது தெளிவாக நிலைபெற்ற பின்னரே தூரிகையை எடுக்கிறான். சுக்கிரநீதி முதலிய நூல்கள் இதனையே விதிக்கின்றன. காளிதாசரின் மாளவிகாக்னிமித்திரம் என்னும் நாடகத்தில் ஓர் இடம் உண்டு. ஓவியத்தில் கண்டதைவிட நேரில் மாளவிகை அழகாக இருப்பதைக் கண்ட மன்னன், ஓவியனின் சமாதி தளர்ந்திருந்தது என்று எண்ணுகிறான். கை தவறியது என்றோ, கண் தவறியது என்றோ அவன் எண்ணவில்லை. இந்த நுட்பத்தைக் குமாரசுவாமி எடுத்துக்காட்டினார். யோகிக்கும் ஓவியனுக்கும் வழி ஒன்றே என்பது இதனால் விளங்கும்.

இந்தக் கண்கொண்டு பார்த்தால் மட்டாஞ்சேரிச் சுவர்களின் பொருள் துலங்குகிறது. பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்த சில்பரத்தினம் என்னும் நூலை ஸ்ரீகுமாரர் கேரளத்தில் இயற்றினார். ஓவியத்தின் இலக்கணமும் வண்ணங்களைத் தயாரிக்கும் முறையும் அதில் கூறப்பட்டுள்ளன. சுண்ணாம்புச் சாந்தால் சுவரைப் பலமுறை பூசி உலரவிடுவார்கள். காவி மண்ணிலிருந்து சிவப்பும் மஞ்சளும், அவுரியின் நீலத்தோடு மஞ்சளைச் சேர்த்துப் பச்சையும், எண்ணெய் விளக்கின் கரியிலிருந்து கறுப்பும் எடுப்பார்கள். வேப்பம்பிசின் அவற்றைச் சுவரோடு பிணைக்கும். மஞ்சளும் சிவப்பும் பச்சையும் கறுப்பும் வெள்ளையும் ஆகிய ஐந்து வண்ணங்களே அடிப்படை.

அவ்வண்ணங்கள் ஓவியனின் விருப்பத்தால் அமைவன அல்ல. சத்துவ குணம் நிறைந்த மூர்த்திக்குப் பச்சை. இராஜச குணத்திற்குச் சிவப்பு அல்லது பொன்மஞ்சள். ஆகவே இராமபிரானின் பச்சைமேனி தோலின் நிறமன்று, குணத்தின் நிறம். நீண்ட கண்கள் உறுப்பின் அளவைக் காட்டவில்லை. அருட்பார்வையின் அளவைக் காட்டுகின்றன. கண்களை இறுதியாகத் திறப்பது மரபு. அதுவரை சுவரில் இருப்பது சித்திரம். அதன்பின் நம்மை நோக்குவது தெய்வம். அரண்மனையின் ஓர் அறையில் சில சித்திரங்கள் முற்றுப்பெறாமல் கோடுகளாகவே நிற்கின்றன. வண்ணம் ஏறாத அக்கோடுகளிலும் தடுமாற்றம் இல்லை. உள்ளத்தில் முழுமையாகக் கண்டவனின் கையே அவ்வாறு ஓட முடியும்.

ஒரு காலத்தில் அரச குடும்பத்தினர் வாழ்ந்த அந்த அறைகள் இன்று இந்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். நுழைவுச் சீட்டுப் பெற்று உள்ளே செல்பவர்கள் சில நிமிடங்களில் பார்த்துவிட்டு வெளியேறுகின்றனர். குமாரசுவாமி வாழ்நாளெல்லாம் எழுப்பிய கேள்வி இங்கேயும் நிற்கிறது. நாம் அங்கு பார்வையாளர்களா, அல்லது தரிசனத்திற்கு வந்தவர்களா? சுவர் அதே சுவர்தான். விடை பார்ப்பவரின் உள்ளத்தைப் பொறுத்தது.

நிறைவு

1947 ஆகஸ்ட் மாதத்தில் இந்தியா விடுதலை பெற்றது. அடுத்த வாரத்திலேயே, ஆகஸ்ட் 22 அன்று, குமாரசுவாமிக்கு எழுபது வயது நிறைந்தது. பாஸ்டனில் நண்பர்கள் அவரைப் பாராட்டி விருந்தளித்தனர். பணியிலிருந்து ஓய்வுபெற்று, இந்தியா திரும்பி, இமயத்தின் அடிவாரத்தில் தியானத்திலும் தவத்திலும் எஞ்சிய நாட்களைக் கழிக்க எண்ணியிருப்பதை அவர் அங்கு தெரிவித்தார். ஆனால் அந்தப் பயணம் நிகழவில்லை. செப்டம்பர் 9 அன்று, மசாசூசெட்ஸ் மாநிலத்தின் நீடம் என்னும் ஊரில் தமது இல்லத்துத் தோட்டத்தில் அவர் உயிர்நீத்தார்.

அவர் இமயத்தை அடையவில்லை. திரட்டிய ஓவியங்களும் தாய்நாட்டில் நிலைபெறவில்லை. உலகியல் கணக்கில் இவை தோல்விகளாகத் தோன்றலாம். ஆனால் மறைந்திருந்த பொருளை மீட்டுத் தந்தவர் அவர். தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்றில் சோழர் கால ஓவியங்கள் 1931-இல் வெளிப்பட்டபோதும், கேரளச் சுவரோவியங்களை அறிஞர்கள் ஆராயத் தொடங்கியபோதும், அவற்றை மதிப்புடன் நோக்கும் பார்வை முன்னரே ஆயத்தமாக இருந்தது. அப்பார்வையை உருவாக்கியதில் அவர் பங்கு பெரிது.

நம் பூஜையறையில் ஒரு படம் இருக்கிறது. நாள்தோறும் அதற்கு மலரிட்டுத் தீபம் காட்டுகிறோம். பழக்கத்தால் அதன் முகத்தை நாம் சரியாகப் பார்ப்பதுகூட இல்லை. ஒருநாளேனும் சற்று நின்று, அந்தக் கை ஏன் அப்படி அமைந்தது, அந்த மேனிக்கு ஏன் அந்த நிறம், அந்தக் கண்கள் எதை நோக்குகின்றன என்று சிந்திப்போமாயின், குமாரசுவாமியின் உழைப்பு நம் இல்லத்திலும் பயன் தரும். குழந்தை அதே கேள்வியைக் கேட்கும்போது, அதட்டி வாயடைக்காமல் அருகில் அமர்த்திப் பொருள் சொல்லவும் நம்மால் முடியும். முன்னோர் தியானத்தில் கண்டு வரைந்த வடிவம், வணங்குவோரின் தியானத்திலேயே மீண்டும் உயிர்பெறுகிறது.